ஐந்தாவது வரி

மார்ச் 3, திங்கள்

காலையில் பரிசோதனை அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், வழக்கமான படத்துக்குப் பதில் முழு நீலத்தில் ஒரு திரை. நாலைந்து வரி ஆங்கிலம். வெளியே பெஞ்சில் அதற்குள் மூன்று பேர். நின்று படிக்க எனக்கு நேரமில்லை. முதல் வரியில் வெளிச்சம் இருந்தது, அதையே தட்டினேன். நீலம் போய்விட்டது.

அதன் பிறகுதான் வேடிக்கை. எழுத்துப் பலகையில் எல்லா எழுத்தும் உப்பிக் கிடக்கிறது. முதல் வரியின் ஒற்றை 'ட' இழுத்துத் திறந்த மேஜை டிராயர் மாதிரி அகலமாகிவிட்டது. 'ம' மல்லாந்து படுத்திருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் இந்தத் திரையை வாசிக்கச் சொல்லித்தான் பதினெட்டு வருஷமாக ஊருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் அது தகரப் பலகை. தகரம் ஒரு நாளும் உப்பியதில்லை.

சனிக்கிழமை மாலை நிபுணர் வந்து கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டுப் போனார், அதன் பலன். எங்கள் கண்ணாடிக் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். நிபுணர் என்பது நான் வைத்த பெயர். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம், இலவசம் என்று முதலாளியின் காதில் போட்டவரும் இவர்தான். இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் முதலாளி எழுந்து நிற்பார்.

திரையின் ஓரத்தில் அவருடைய மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் சீட்டுகளை நான் படிப்பதில்லை. 'பவர் பட்டனை மெதுவாக அழுத்தவும்' என்று ஒட்டிய மனிதர். பிய்த்து மேஜைக்குள் எறிந்தேன்.

உப்பிய எழுத்தை வைத்தே ஏழு பேரைப் பார்த்து அனுப்பினேன். வேறென்ன செய்ய, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

நிபுணர் பதினொரு மணிக்கு எழுந்தருளினார். முதுகில் பை, வாயில் முணுமுணுப்பு. கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து எதையெதையோ தட்டினார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"நேத்து காலைல ஆன் பண்ணும்போது நீலமா ஒரு ஸ்கிரீன் வந்துதா மேடம்? அதுல என்ன குடுத்தீங்க?"

"எதுவும் வரலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. இல்லை, தெரியும். சீட்டு ஒட்டுகிற ஆளிடம் போய், படிக்காமல் தட்டிவிட்டேன் என்று கைகட்டி நிற்க வேண்டுமா நான்? அவர் பண்ணிய கோளாறு, அவரே தேடட்டும்.

தேடினார். ஒன்றரை மணி நேரம். திரையின் சொந்த அளவு 1920க்கு 1080. இப்போது செட்டிங்கில் 1024க்கு 768 என்று ஒரே ஓர் அளவைத்தான் காட்டுகிறது, வேறெதையும் தேர்ந்தெடுக்க விடமாட்டேன் என்கிறது. சரியான அளவைக் கையால் எழுதிச் சேர்த்துப் பார்த்தார். மறுத்துவிட்டது. இன்னொரு தடவை எழுதினார், மறுபடியும் மறுத்துவிட்டது. மூன்றாவது தடவை எழுதும்போது அதற்கு எப்படியும் மனம் மாறும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு வகுப்பும் எடுத்தார். கிராபிக்ஸ் கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் பேசிக்கொடுக்கிற மென்பொருள்தான் டிரைவராம். அது எழுந்திருக்காததால், சிஸ்டம் கைக்குக் கிடைத்த சின்ன அளவை எடுத்துத் திரை முழுக்க இழுத்துப் போட்டு ஒப்பேற்றுகிறதாம். அதனால்தான் உப்பல். ஒப்பேற்றுவது எப்படி என்று இவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார், கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

புது டிரைவரைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டார். அதே உப்பல். பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டார். அதே. இடையில் என் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மார்ச் 6, வியாழன்

பிரச்சினை 'தீர்ந்தது'.

எப்படி என்றால், நிபுணர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுத் திரையின் பின்னால் கையை விட்டார். அங்கே சில பட்டன்கள். படத்தை அகலமாக இழுக்காதே, உள்ள வடிவத்திலேயே காட்டு என்று ஒரு வசதி இருக்கிறதாம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது, நடுவில் எழுத்துகள் இளைத்து ஒழுங்காக வந்து நின்றன. 'ட' மறுபடி 'ட' ஆயிற்று.

டிரைவர் வேலை செய்கிறதா என்றால் இல்லை. அது பாட்டுக்குப் படுத்திருக்கிறது. மூன்று நாள் தலையால் தண்ணீர் குடித்துக் கடைசியில் டி.வி. ரிமோட்டில் செய்கிற வேலையைச் செய்துவிட்டுப் போகிறார். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, படம் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் என்ன என்றார். கறுப்புப் பட்டை அவருக்குப் பிடித்துக்கூட இருக்கிறது, சினிமா மாதிரி இருக்கிறதாம்.

எனக்கும் போதும். எழுத்து எழுத்து மாதிரி இருக்கிறது, கூட்டம் நகர்கிறது. கடனே என்று வேலை பார்க்கிறவர்களோடு மாரடிக்க எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 8, சனி

அண்ணன் வந்தார். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர், ஐம்பத்தெட்டு முடிகிறது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், சொந்த வேன், பத்தொன்பது பிள்ளைகள். உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் கேட்கிறார்கள். பலகையில் ஐந்தாவது வரி வரைக்கும் வாசித்தால்தான் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட முடியும்.

பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே வாசலிலிருந்து "பாப்பா" என்று கூப்பிட்டார். நாற்பத்து நாலு வயதுப் பாப்பா. கடையில் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. உடனே ஒரு கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணைச் சுருக்கினார். சுருக்கக் கூடாது என்றேன். சுருக்கவில்லை, சிரிக்கிறேன் என்றார். நாலாவது வரி கடகடவென்று வந்தது. ஐந்தாவதில் 'ப'வை 'ய' என்று சொல்லிவிட்டுத் திருத்தினார், 'ர'வில் கொஞ்சம் நின்றார், ஆனால் முடித்துவிட்டார். அடுத்து விளக்கை வைத்துக் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். பெஞ்சில் ஆறு பேர். அவர் வேறு இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரிதான் தேறிவிட்டதே என்று விட்டுவிட்டேன். கையெழுத்து, முத்திரை.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பயந்துக்கிட்டேதான் வந்தேன் பாப்பா" என்றார். எதற்குப் பயம்? முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர் எழுத்துப் பலகையைப் பார்த்துப் பயப்படுகிறார். சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

போஸ்ட்மேன் திரும்பி வந்தார். போன வாரம் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். எதிர் வரிசை வீட்டு நம்பர் தெரியவில்லையாம். உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன், கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறார். பிறகு என்ன என்றேன்.

"உங்க ரூம்ல எல்லாம் தெரியுது மேடம். தெருவுலதான் தெரியல."

அப்படியானால் தெருவைத்தான் துடைக்க வேண்டும். சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன். புதுக் கண்ணாடி பழக ஒரு வாரம் ஆகும் என்று வழக்கமான பல்லவியைப் பாடி அனுப்பினேன்.

மார்ச் 17, திங்கள்

இன்றைக்கு இன்னும் இரண்டு பேர், அதே புகார். ஒரு தையற்கார அம்மாள், ஒரு கல்லூரிப் பெண். ஜனங்களுக்கு என்னமோ ஆகிவிட்டது. செல்போனைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு திரிந்துவிட்டு நான் எழுதிய கண்ணாடிச் சீட்டில் குறை சொல்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் அதை நேராகவே சொன்னேன். அழுகிற மாதிரி போனாள்.

மார்ச் 20, வியாழன்

கடையைப் பூட்டிவிட்டு இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியம் கூட்டம் குறைந்த நேரம். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். பலகையில் நாலாவது வரி தெரிந்தது. வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

எனக்கு எப்படி நாலாவது வரி தெரியும்? கண்ணாடி இல்லாமல் என் கண் பதினெட்டு வருஷமாக மூன்றாவது வரிக்குக் கீழே இறங்கியதே இல்லை. அது எனக்கு என் வீட்டு முகவரி மாதிரி. ஒரு மத்தியானத்தில் கண் குணமாகிவிடுமா?

அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய எழுத்தை அளந்தேன். எங்கள் அறையின் தூரத்துக்கு அது எண்பத்தேழு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நூற்று இருபத்து மூன்று இருக்கிறது. மறுபடி அளந்தேன். நூற்று இருபத்து மூன்று.

எல்லா எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அந்த ஆள் பட்டனை அமுக்கி வடிவத்தைத்தான் சரி செய்திருக்கிறார், அளவு அப்படியே வீங்கித்தான் இருந்திருக்கிறது. சின்ன ரெசல்யூஷன் என்றால் ஒவ்வொரு புள்ளியும் பெரிது, புள்ளி பெரிதானால் எழுத்தும் பெரிது. இதற்கு கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமா? திரையில் ஏதாவது மாறினால் முதலில் அளந்து பார் என்பது எனக்குப் படிப்பில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது. அவருக்கு இல்லை, எனக்கு. பதினெட்டு நாள் ஆகிறது, ஒரு தடவை கோலை எடுத்துப் போய் வைத்தேனா? வடிவம் வந்துவிட்டது, கூட்டம் நகர்கிறது, போதும். அந்த முதலாளியைப் போய் நான் கிண்டல் பண்ணினேன்.

பதிவேட்டைப் புரட்டினேன். மூன்றாம் தேதியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேர். எழுத்து பெரிதாக இருந்ததால் கொஞ்சம் பவர் வைத்ததுமே தெரிகிறது தெரிகிறது என்றிருக்கிறார்கள், நானும் அங்கேயே நிறுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியே போனால் எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணை அழ வைத்து அனுப்பினேனே.

எட்டாம் தேதிப் பக்கம் வந்தது.

அண்ணா.

ஐந்தாவது வரியிலேயே நின்று நின்றுதானே படித்தார். இந்த வீங்கின திரையிலேயே அப்படி என்றால், நிஜ அளவில் அவருக்கு ஐந்தாவது வரி தெரியவே தெரியாது. பின்னால பத்தொம்பது பிள்ளைங்க. நான்தானே கையெழுத்துப் போட்டேன். கண்ணுக்குள்ள விளக்கடிச்சுப் பார்க்கக்கூட இல்லையே நான்.

மார்ச் 21, வெள்ளி

கடை திறக்கும் முன்பே, எட்டு மணிக்கு நிபுணரை வரச் சொன்னேன். அவர் பையை இறக்கி வைப்பதற்குள் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் வார்த்தையை மென்று முழுங்கியிருப்பேன்.

"அன்னைக்கு நீல ஸ்கிரீன் வந்துது. நான்தான் படிக்காம தட்டிட்டேன். உங்ககிட்ட வரலன்னு சொன்னேன்."

"அப்பவே கேட்டேனே மேடம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மேஜைக்குள் அந்த மஞ்சள் சீட்டு இருந்தது. எடுத்துப் படித்தேன். 'திங்கள் காலை நீலத் திரை வரும். முதல் வரியை அழுத்த வேண்டாம். இரண்டாவது வரியை அழுத்தி, கீழே உள்ள பாஸ்வேர்டைக் கொடுக்கவும். மிக முக்கியம்.' மிக முக்கியம் என்பதன் கீழே இரண்டு கோடு.

அவர் விளக்கினார், இன்றைக்கு ஒழுங்காகக் கேட்டேன். இந்த கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே ஒரு காவல் இருக்கிறது. தனக்குத் தெரிந்த முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாது. டிரைவருக்கு ஒரு புது முத்திரை, அதை அந்தக் காவலுக்கு அறிமுகப்படுத்தும் இடம்தான் நீலத் திரை. ஆள் நேரில் உட்கார்ந்து கையால் ஒப்புதல் தர வேண்டும். 'அப்படியே தொடர்க' என்ற முதல் வரியைத் தட்டினால், எங்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு கேட்கவே கேட்காது. டிரைவர் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது, வாசலில் நின்றபடி. மூன்று நாளும் அவர் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது வீண்.

"முத்திரை ஏறிடுச்சான்னு ஒரே ஒரு கமாண்டுல பாத்திருக்கலாம். நீங்க வரலன்னு சொன்னதும் நான் அந்தப் பக்கமே போகல. வடிவம் வந்ததும் அளவும் வந்துடுச்சுன்னு நெனச்சேன், அதுவும் தப்புதான்" என்றார். அளவு என் வேலை என்றேன்.

முத்திரையை மறுபடி பதியும்படி ஒரு கட்டளை கொடுத்தார், பாஸ்வேர்டு ஒன்று வைத்தார், கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். நீலத் திரை வந்தது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு என்னைத் தட்டச் சொன்னார். இரண்டாவது வரி, பிறகு தொடர்க, பிறகு ஆம், பிறகு பாஸ்வேர்டு. மறுபடி எழுந்தபோது செட்டிங்கில் எல்லா அளவும் வரிசையாக நின்றன, 1920க்கு 1080 தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. திரையின் பின்னால் பட்டனை அமுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கோல் வைத்தேன். எண்பத்தேழு.

மொத்தம் பதினோரு நிமிஷம்.

மார்ச் 22, சனி

முதலாளியிடம் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றதும் கதவைச் சாத்தினார். நாமாகக் கூப்பிட்டால் கடை பேர் கெட்டுவிடும், குறை சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடு என்றார். ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்து, பதிவேட்டின் முதல் பெயரிலிருந்து போன் செய்ய ஆரம்பித்தேன். நாற்பது பேரிடம் பேசிவிட்டேன். கல்லூரிப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன். பரவாயில்லை ஆன்ட்டி என்றாள். ஆன்ட்டி என்றதை இன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

அண்ணனைக் கடைசியில் வைத்திருந்தேன். கடைக்கு ஒரு நடை வாருங்கள், மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது, வேனைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். உரிமம் வந்துவிட்டது, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தில் சொன்னார். இந்த மாதம் அண்ணன் இரண்டு தடவை கேட்டில் வேனின் பக்கவாட்டை உரசிவிட்டாராம். செய்தித்தாளை அண்ணியைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாராம், ஏன் என்றால் கை வேலையாக இருக்கிறது என்பாராம். சாயங்கால வெயில் முகத்தில் அடித்தால் ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறாராம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ஏன் அண்ணி என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீதான் சர்டிபிகேட் குடுத்துட்டியே. நான்தான் என்னமோ நெனச்சுக்கிட்டேன்னு இருந்துட்டேன்" என்றார்.

என்னை நம்பித்தான் இருந்திருக்கிறார்.

கூடத்தில் அண்ணன் வேன் சாவியை மேஜையில் சுற்றிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவர்க் காலண்டரில் இன்றைய தேதிக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். பார்க்கவே இல்லை.

"சீல் வச்ச பேப்பர் இருக்கு. லைசென்சே குடுத்துட்டான். உனக்கு என்ன இப்ப?"

"அந்த சீல் தப்புண்ணா. என் தப்பு."

"உன் தப்புக்கு என் வேலை போகணுமா?"

நியாயமான கேள்வி. ஸ்கூலில் ஒரு நாள் வண்டி நின்றாலே அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள், இந்த வயதில் இவரை வேறு யார் கூப்பிடுவார்கள்? எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் நாளைக் காலை ஏழே காலுக்கு அந்த வேன் கிளம்பும். நாளைக்கு மட்டும் எடுக்காதீங்கண்ணா என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பின்னாலேயே போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன், நீங்கள் நிறுத்தாவிட்டால் உரிம அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுப்பேன் என்று.

மார்ச் 24, திங்கள்

ஆறரை மணிக்கு ஸ்கூல் மேலாளருக்குப் போன் செய்தேன். நான் இன்னார், அந்த வேன் ஓட்டுகிறவரின் தங்கை, அவருக்கு நான் கொடுத்த கண் சான்றிதழ் தவறு, மறுபடி சோதிக்கும்வரை அவர் ஓட்டக் கூடாது. நாலு வாக்கியம். மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

பிறகு உரிம அலுவலகம். கடிதத்தைக் கையிலேயே கொண்டுபோனேன்: 'மார்ச் 8 அன்று நான் அளித்த சான்றிதழை ரத்து செய்யக் கோருகிறேன். என் பரிசோதனைத் திரையின் அளவு தவறாக இருந்தது. அதைச் சரிபார்க்காதது என் தவறு.' கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு தடவை படித்துவிட்டு, சான்றிதழ் கேட்கத்தான் படிவம் இருக்கிறது, திருப்பி வாங்கப் படிவம் இல்லை என்றார். வெள்ளைத் தாளில் வாங்கமாட்டாராம். ஒருத்தி தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ள வந்தால் அதற்கும் படிவம் வேண்டும் இவர்களுக்கு. கடைசியில் புகார்ப் படிவத்தில், என்மேல் நானே புகார் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 26, புதன்

வேனை வேறு ஒருவர் ஓட்டுகிறார். அண்ணன் வண்டிதான், ஆள் மட்டும் வேறு. அண்ணி சொன்னார். அண்ணன் என் போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 2, புதன்

நூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றேழு பேரைத் திரும்பப் பார்த்தாயிற்று. பாதிப் பேருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். திரும்ப வந்தவர்கள் கடையைப் பாராட்டிவிட்டுப் போவதைப் பார்த்ததும், கூப்பிடச் சொன்னதே தான்தான் என்று போனில் யாரிடமோ சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

போஸ்ட்மேனுக்கு இப்போது வீட்டு நம்பர் தெரிகிறது. "தெரு நல்லா இருக்கு மேடம், உங்க ரூம்தான் கஷ்டமா ஆயிடுச்சு" என்றார்.

தினமும் காலையில் அளக்கிறேன். நிபுணர் ஒட்டும் சீட்டுகளையும் படிக்கிறேன். பாதிக்கு மேல் உளறல்தான், ஆனாலும் படிக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

பதினேழு நாள். அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அண்ணன் வந்தார்.

வாசலிலிருந்து கூப்பிடவில்லை. வரிசை டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த மூன்று பேரை எப்படிப் பார்த்து அனுப்பினேன் என்று நினைவில்லை. அவர் முறை வந்ததும் உள்ளே வந்து, நான் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

வலது கண்ணை முதலில் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வரி சரி. நாலாவதில் இரண்டு எழுத்து சொன்னார். பிறகு, "தெரியல" என்றார். ஐந்தாவது வரிக்கு மாற்றினேன். சுருக்கவில்லை, ஊகிக்கவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"தெரியல."

இடது கண், கொஞ்சம் தேவலை. அதிலும் ஐந்தாவது வரி தெரியவில்லை. விளக்கை வைத்து இந்தத் தடவை உள்ளே பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. வலதில் அதிகம், பனி படர்ந்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. அன்றைக்கு ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும், படிக்காத ஆளுக்குக்கூட.

அழுதுவிட்டேன். அறைக்குள் வைத்து, வேலை நேரத்தில். அவர் உட்கார்ந்தபடியே டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார். ஆபரேஷன் செய்தால் தெரியும் அண்ணா, இது போகிற கண் இல்லை என்றேன். எத்தனை நாள் என்றார். ஒவ்வொரு கண்ணாகச் செய்ய வேண்டும், ஜூலைக்குள் எல்லாம் ஆறிவிடும் என்றேன். அதற்குப் பிறகு ஸ்கூலில் எடுப்பார்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை.

எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கூட ஒரு ஆள் வரணும்னு சொல்வாங்கல்ல. உங்க அண்ணிக்கு ஆஸ்பத்திரின்னாலே மயக்கம் வரும். நீ வா."

மே 5, திங்கள்

இன்றைக்கு வலது கண் ஆபரேஷன். ஆட்டோ வேண்டாம், நம் வண்டியிலேயே போகலாம் என்றார். இன்னொரு ஆள் ஓட்டுவது போன மாதத்தோடு சரி என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்களாம், விடுமுறைக்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. சாவியை என்னிடம் கொடுத்தார். சின்னக் கார் ஓட்டிப் பழகியவள் நான், அந்த வேன் ஒரு வீடு அளவு இருக்கிறது.

அவர் பக்கத்து இருக்கையில். கிளம்பினதிலிருந்து திட்டு. கிளட்சில் காலை வைத்துக்கொண்டே இருக்கிறேனாம், கண்ணாடியைப் பார்ப்பதே இல்லையாம், இந்த லட்சணத்தில் எனக்கு எவன் உரிமம் கொடுத்தான் என்றார். கண் சோதனை பண்ணித்தான் கொடுத்தார்கள் என்றேன். இருவருமே சிரிக்கவில்லை.

ஸ்கூல் பக்கத்தில் ஒரு வளைவு வருகிறது. ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற இடம். அதை நெருங்கும்போது திட்டுவதை நிறுத்தினார். எதிரே பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த வளைவு என் கண்ணுக்குத் தெரிஞ்சு ஆறு மாசம் ஆச்சு பாப்பா. மனப்பாடத்துலதான் ஓட்டிட்டு இருந்தேன்."

காலை எட்டரை மணி, கோடை விடுமுறை, கடக்கிற இடத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. அப்படியும் முழுக்க நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"பிரேக்கை இப்படி மிதிச்சா உள்ள இருக்குற பிள்ளைங்க முன்னாடி வந்து விழும்" என்றார்.

சரி என்றேன். மெதுவாக எடுத்தேன். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தது, அதற்கும் திட்டினார்.